மூத்தாள் பேரில் ஓடிய சர்வீஸ்

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இடது கையில் இரண்டு விரல் நுனி இன்றைக்கும் மரத்துப்போய்க் கிடக்கிற ஒருத்தி, என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது. அவள் சண்டை போடுவாள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள், நாலு நாள் பேசாமல் இருப்பாள். பொய் மட்டும் அவளுக்கு வராது.

அவள் என் சித்தி மகள். ஆள் குள்ளம், வாய் நீளம். அதனால் வீட்டில் வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். முப்பத்திரண்டு வயசாகி, கல்யாணமும் ஆகி, ஒரு கோல்டு ஸ்டோரேஜுக்கு முதலாளியம்மா ஆன பிறகும் எங்களுக்கு அவள் வாண்டுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது சுடுகாடு, வெள்ளைப் புடவை, நடுராத்திரி என்று போகிற கதை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது ஆரம்பித்தது. பேய்க்கு இருட்டுதான் பிடிக்கும் என்று நமக்கு யார் சொன்னார்கள்?

வாண்டு இளையாள். அதாவது இரண்டாம் தாரம். மாப்பிள்ளையின் முதல் மனைவி மூன்று வருடத்துக்கு முன்னால் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். அவளை நாங்கள் மூத்தாள் என்றே சொல்வோம். நல்ல உயரம், நல்ல படிப்பு, நல்ல கை. இந்த மூன்று 'நல்ல'வையும் மாமியார் ஒரு நாளைக்கு மூன்று வேளை சொல்வார், மருந்து கொடுப்பது போல.

வீட்டை ஒட்டினாற்போல் ஒரு கொட்டகை. அதில் இரண்டு குளிர் அறைகள். முதல் அறையில் மருந்துகள் இருக்கும், நாலு டிகிரி. இரண்டாவது அறையில் ஐஸ்கிரீம் இருக்கும், மைனஸ் பதினெட்டு. அறைகளுக்கு எதிரே கண்ணாடித் தடுப்புப் போட்ட ஒரு சின்ன ஆபீஸ், அதில் ஒரு கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரில் மூத்தாள் எழுதி வைத்துவிட்டுப் போன புரோகிராம் ஒன்று ஓடியது.

சர்வீஸ் என்பார்கள். திரையில் எதுவும் தெரியாது. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானாகக் கிளம்பி, பின்னால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அறைகளின் குளிர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது அதன் வேலை. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டு, கதவோரம் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் சைரன் அடிக்கும், மாப்பிள்ளைக்கு போனும் போகும். அதுபோக, தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மாப்பிள்ளையின் போனுக்கு அது ஒரு அழைப்பு போடும்.

அந்த அழைப்பில்தான் வினையே. மூத்தாள் தன் குரலையே பதிவு செய்து வைத்திருந்தாள். ரயில் நிலையத்தில் அறிவிப்பு வருமே, அதுபோல் துண்டு துண்டாக. "முதல் ரூம்... நாலு... டிகிரி. ரெண்டாவது ரூம்... மைனஸ்... பதினெட்டு. எல்லாம்... சரியா இருக்கு." எண்களும் இந்த நாலைந்து வார்த்தைகளும்தான். அதற்கு மேல் அந்தக் குரலுக்கு ஒரு சொல்கூடக் கிடையாது.

வாண்டு கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் போனை எடுக்கிற மனுஷன், ஏழு மணி அழைப்பை முதல் மணியிலேயே எடுப்பார். சாப்பாட்டில் கை வைத்திருந்தால் கையைக் கழுவிக்கொண்டு வந்து எடுப்பார். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு கேட்பார். வாண்டுக்கு வயிறு எரியும். உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் எதிரே நின்று நாலு கேள்வி கேட்கலாம். செத்தவளை என்ன செய்வது?

ஒரு புதன்கிழமை, குரல் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி முடித்ததும், மாப்பிள்ளை போனைப் பார்த்து மெதுவாக, "சரிம்மா" என்றார்.

மிஷினுக்கு யாராவது 'சரிம்மா' சொல்வார்களா? வாண்டு அன்று ராத்திரி தூங்கவில்லை. என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள். "என்னை ஒரு நாள் அப்படிக் கூப்பிட்டதில்லக்கா. ஒரு நாள்கூட இல்ல."

மறுநாள் காலை ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்தாள். திரையில் எப்போதும்போல் இரண்டு முகம். மேலே மூத்தாள் படம், அவளுடைய அக்கவுண்ட். கீழே வாண்டுவின் படம். தினமும் அந்தச் சிரித்த முகத்தைத் தாண்டித்தான் இவள் தன் கணக்குக்குள் போக வேண்டும். அன்றைக்கு அவளால் தாண்ட முடியவில்லை. மேலே இருந்த அக்கவுண்டை அழித்தாள். நிச்சயமா என்று கம்ப்யூட்டர் ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு போன் அடித்தது.

மூத்தாள் குரல். எல்லாம் சரியாக இருக்கிறதாம்.

வெள்ளி வந்தது. சனியும் வந்தது. வாண்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆளையே அழித்தாகிவிட்டது, குரல் மட்டும் எப்படி வருகிறது? பிறகு அவளுக்கே பிடிபட்டது. அவளும் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள்தானே. அந்த சர்வீஸ் ஓடுவதே மூத்தாள் அக்கவுண்டில்தான். அக்கவுண்டை அழித்தாலும், முன்பே கிளம்பிவிட்ட சர்வீஸுக்கு அது தெரியாது. உள்ளே வந்து உட்கார்ந்துவிட்ட விருந்தாளியை யாரும் மறுபடி வாசலில் நிறுத்திக் கேட்பதில்லை, அதுபோலத்தான். கம்ப்யூட்டர் ஒரு தடவை அணைந்து எரிகிறவரை அவள் ஓடிக்கொண்டே இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பத்துக்குக் கரண்ட் போனது. மாப்பிள்ளை காலையிலேயே ஒரு வேலையாக வெளியூர் போயிருந்தார். மாமியார் தன் மகள் வீட்டில். கொட்டகையில் வாண்டு ஒருத்திதான். பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கியது, பிறகு அதுவும் கையை விரித்தது. நாலு மணிக்குக் கரண்ட் திரும்பி வந்தது. குளிர் மிஷின்கள் உறுமிக்கொண்டு கிளம்பின. கம்ப்யூட்டரும் கிளம்பியது. சர்வீஸ் கிளம்பவில்லை. சுவரில் எப்போதும் எரிகிற பச்சை விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு.

நாலு ஐந்துக்கு மாப்பிள்ளை போன் செய்தார்.

"கரண்ட் போச்சா?"

"வந்துடுச்சுங்க."

"புரோகிராம் ஓடுதா?"

"பார்த்துட்டிருக்கேன்."

"ஏழு மணிக்குள்ள சரி பண்ணிடு, என்ன?"

மருந்து கெட்டுப்போகுமா என்று கேட்கவில்லை. ஐஸ்கிரீம் உருகுமா என்று கேட்கவில்லை. நீ தனியாகவா இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. ஏழு மணிதான் அவருக்குக் கவலை. வாண்டு பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. சர்வீஸைத் தன் பேருக்கு மாற்றுவது. அந்தக் குரலை எடுத்துவிட்டுத் தன் குரலை வைப்பது. இன்றைக்கு ஏழு மணிக்கு அவர் முதல் மணியிலேயே எடுப்பார், சுவர்ப் பக்கம் திரும்புவார், காதில் விழுவது என் குரலாக இருக்கும். அதற்கும் 'சரிம்மா' வருகிறதா பார்க்கலாம். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

சர்வீஸைக் கிளப்பிப் பார்த்தாள். அந்தப் பேரில் யாரும் இல்லை என்று வந்தது. தெரிந்ததுதான். தன் பேரையும் பாஸ்வேர்டையும் போட்டாள். கிளம்புகிறது... கிளம்புகிறது... நின்றுவிட்டது. அனுமதி இல்லையாம். மூத்தாள் தன் புரோகிராம் இருக்கும் இடத்தை அடுத்தவர் தொட முடியாதபடி வைத்திருந்தாள். வாண்டு அதையும் திறந்துவிட்டாள். மறுபடி கிளப்பினாள். மறுபடி நின்றது. சரி, ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து பார்ப்போம் என்று கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள்.

திரை வந்தது.

இரண்டு முகம்.

வாண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மேலே மூத்தாள், அதே சிரிப்பு. மவுஸை நகர்த்தியதும் அந்த முகம் போய்விட்டது. கீழே தன் முகம் மட்டும். பழைய படம் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்திருக்கும், திரை ஒரு நொடி தடுமாறியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நாமாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம்.

தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தால், மேசை மோவாயில் இடித்தது. வாண்டு குள்ளம் என்பதால் நாற்காலியை எப்போதும் மேலே ஏற்றி வைத்திருப்பாள். யாரோ கடைசி வரை இறக்கி விட்டது போல் அது இறங்கியிருந்தது. உயரமான ஆள் உட்கார வசதியாக. விசை தளர்ந்துபோயிருக்கும் என்று ஏற்றி வைத்தாள்.

ஐந்து நாற்பதுக்குத் தன் குரலைப் பதிய ஆரம்பித்தாள். பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு... டிகிரி... மைனஸ்... எல்லாம் சரியா இருக்கு. போட்டுக் கேட்டாள். அவள் குரல்தான். ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் ஒரு மூச்சு. பேச வாயைத் திறக்கிறவர்கள் இழுப்பார்களே, அந்த மூச்சு. இவள் பேச வருவதற்குள் வேறு யாரோ பேச வந்தது போல... அழித்துவிட்டு மறுபடி பதிந்தாள். மறுபடி அந்த மூச்சு. மூன்றாவது தடவை இல்லை. பழைய குரல் துண்டுகளை ஒன்று விடாமல் அழித்துவிட்டு, தன் துண்டுகளை அந்த இடத்தில் வைத்தாள்.

ஆறு முப்பத்தைந்து. சர்வீஸைக் கிளப்பினாள். ஓடியது. சுவரில் பச்சை.

"வந்தியா வழிக்கு," என்றாள் வாண்டு. யாரிடம் சொன்னாள் என்று கேட்டால் இன்றைக்கும் பதில் சொல்ல மாட்டாள்.

ஏழு மணிக்கு முன்னால் ஒரு சோதனை பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். அங்கேதான் தப்பு செய்தாள். அவசரப் பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க, கொஞ்ச நேரத்துக்கு அந்த அழைப்பை மட்டும் தன் போனுக்கு மாற்றினாள். போனை மேசை மேலேயே வைத்துவிட்டு இரண்டாவது அறைக்குப் போனாள். தடித்த கோட்டு வெளியே ஆணியில் தொங்கியது, மாட்டவில்லை. ஒரு நிமிஷ வேலைக்கு எதற்கு? கதவு மூடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் கிரேட் பெட்டியை இழுத்து முட்டுக் கொடுத்தாள். உள்ளே போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

சைரன் அடிக்கவில்லை.

ஆபீஸில் போன் அடித்தது. ஒரு மணி. இரண்டாவது மணி... பாதியில் நின்றது.

யாரோ எடுத்துவிட்டது போல.

"யாரு அங்க?"

சர்ர்ர்... சிமெண்ட் தரையில் கிரேட் இழுபடுகிற சத்தம்.

திரும்பினாள். கதவு மூடிக்கொண்டிருந்தது. படாரென்று இல்லை. தூங்குகிற குழந்தையை விட்டுவிட்டு வருகிறவர்கள் மூடுவது போல, மெதுவாக.

டொக்.

ஓடிப்போய் உள்பக்கக் குமிழைத் தள்ளினாள். முந்தின நாள்வரை ஒரு விரலில் திறந்த குமிழ். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கதவு அசையவில்லை.

பொத்தானை அழுத்தினாள். அழுத்தும்போதெல்லாம் பொத்தானில் சின்ன விளக்கு எரிந்தது. செய்தி போய்விட்டது என்று அர்த்தம். சைரன் இல்லை. போன் இல்லை. கதவை அடித்தாள். அடித்த கை ஈரமானது, பிறகு ஈரம் உறைந்தது.

அந்த அறையின் விளக்குக்கு சுவிட்ச் வெளியேதான் இருக்கிறது.

டிக்.

இருட்டு.

வாண்டு கத்தினாள். மின்விசிறிகளின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. தடவித் தடவி அட்டைப் பெட்டிகளைக் கிழித்து மேலே சுற்றிக்கொண்டாள். கால் மரத்தது. விரல்கள் இருக்கின்றனவா என்று வாயில் வைத்துப் பார்த்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மின்விசிறிகள் நின்றன. ஐஸ் கட்டாமல் இருக்க அவை அவ்வப்போது தானாக நிற்கும்.

அமைதி.

கதவுக்கு அந்தப் பக்கம்... யாரோ பேசினார்கள்.

"முதல் ரூம்... நாலு... டிகிரி."

வாண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அது அவள் குரல் இல்லை.

"ரெண்டாவது ரூம்... மைனஸ்... பதினெட்டு."

அழித்த குரல்.

"எல்லாம்... சரியா இருக்கு."

அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

திங்கட்கிழமை காலை ஐஸ்கிரீம் ஏற்ற வர வேண்டிய வேன் டிரைவர், வேறொரு சவாரி ரத்தானதால் ஞாயிறு சாயங்காலமே வந்துவிட்டார். ஏழு இருபதுக்குக் கதவைத் திறந்தார். இழுத்ததுமே வந்துவிட்டது. அட்டைகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தவளை முதலில் ஏதோ மூட்டை என்று நினைத்தாராம். அவர் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு நாக்கு வராது.

"கதவுக்கு முட்டு எதுவும் இல்லையேம்மா," என்றார் ஆஸ்பத்திரியில். "கிரேட் எல்லாம் அடுக்கின இடத்துலயே ஒழுங்கா இருந்துச்சு."

மறுநாள் மாப்பிள்ளை ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்து கம்ப்யூட்டரைக் காட்டினார். இளையாள் சர்வீஸைத் தன் பேருக்கு மாற்றியதாகச் சொல்கிறாள், அது ஓடுகிறதா பார் என்றார். மெக்கானிக் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சர்வீஸ் நல்லாத்தான் ஓடுது சார். இந்த மேடம் பேர்லதான் ஓடுது," என்று திரையைக் காட்டினார். திரையில் ஒரே ஒரு முகம் இருந்தது. உயரமான பெண்ணின் சிரித்த முகம். வாண்டுவின் அக்கவுண்ட் என்று ஒன்று அந்தக் கம்ப்யூட்டரில் எங்கேயும் இல்லை.

மாப்பிள்ளை வயரைப் பிடுங்கி, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது வெறுங்கையோடு வந்தார். எங்கே போட்டார் என்று யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு மனுஷன் ஆளே மாறிப்போனார். வாண்டு கூப்பிட்டால் முதல் மணியிலேயே போனை எடுக்கிறார். ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும்போதெல்லாம் பக்கத்திலேயே நிற்பார். வாண்டுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், மறைப்பானேன். விரல் மரத்துப்போனாலும் புருஷன் கிடைத்தார் என்று என்னிடமே கேலியாகச் சொன்னாள். ஆனால் அவர் ராத்திரியில் திடுக்கென்று எழுந்து உட்கார்வார். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு நாற்பதிலிருந்து வாண்டுவை போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவள் எடுக்கவில்லை. அவருக்கு மனசு சரியில்லை. சரியாக ஏழு மணிக்கு அவர் போன் அடித்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எடுத்தார். மூத்தாள் குரல், வழக்கம்போல். முதல் ரூம் நாலு டிகிரி, ரெண்டாவது ரூம் மைனஸ் பதினெட்டு, எல்லாம் சரியா இருக்கு.

எப்போதும் அத்தோடு லைன் கட்டாகிவிடும். அன்றைக்குக் கட்டாகவில்லை. யாரோ காதில் வைத்துக்கொண்டு காத்திருப்பது போல் லைன் திறந்தே இருந்தது. அவருக்கு என்ன தோன்றியதோ, கேட்டுவிட்டார். மூன்று வருடத்தில் அந்தக் குரலிடம் அவர் இன்னொருத்தியைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அவ எங்க?"

முதலில் ஒரு மூச்சு. பிறகு, மூத்தாள் உயிரோடு இருந்தபோது எந்தக் குரலில் பேசுவாளோ அதே குரலில், ஒரே ஒரு வார்த்தை.

"எவ?"